குங்குமம் பிளஸ், மஞ்சள் மைனஸ்

நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படித்த வருடம், முந்தின நாள் எவ்வளவு படித்தேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. காலையில் எங்கள் வண்டியைத் தள்ளிப் பார்த்தால் போதும். கொஞ்சமாகப் படித்திருந்தால் வாசலைத் தாண்டுவதற்குள் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பிவிடும். விழுந்து விழுந்து படித்திருந்தால் பிள்ளையார் கோயில் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். இப்படி ஒரு பரீட்சை முறை வேறு எந்த ஊரிலும் இருந்திருக்காது.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது ஃபாரத்தில் பாதி வருடம் போனபோது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. “பரீட்சையை அப்புறம் எழுதட்டும்” என்று அப்பா கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். கல்யாணப் பேச்சில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். நான் மட்டும் அதை மறக்கவில்லை. மானாம்பதிக்கு அடுத்த கிராமத்துக்கு மருமகளாக வந்து, வீட்டு வேலை பழகி, மாமியாரிடம் திட்டு வாங்கவும் பழகின பிறகு, என் வீட்டுக்காரரிடம் பிரைவேட்டாகப் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னேன்.

“எயுது. யார் வேணான்னாங்க?” என்றார். அவர் சுபாவம் அப்படி. எதற்கும் சம்மதிப்பார். எப்படி என்பதைத்தான் யோசிக்க மாட்டார்.

எனக்கு டீச்சராக வேண்டும். டிரெயினிங்கில் சேர எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். வருகிற பங்குனியில் எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் புத்தகம் பரணுக்குப் போய்விடும். எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த ஓரகத்தியின் புத்தகங்கள் ஏற்கெனவே பரணில்தான் இருந்தன. ஒருநாள் முறம் எடுக்க ஏறியபோது பார்த்தேன். அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

பகலெல்லாம் வேலை சரியாக இருக்கும். விளக்கு வைத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் கிடைக்காது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. மாலையில் அது அடுப்பங்கரைக்குச் சொந்தம். எங்கள் பக்கம் அப்போதுதான் கிணறுகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கோ காஞ்சிபுரத்தில் ஒரு பம்ப்செட் கடையில் வேலை. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்கெல்லாம் மோட்டார் மாட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் இருட்டு வீட்டுக்கு வந்து தடவித் தடவிச் செருப்பைக் கழற்றுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். அது பட்டாளத்திலிருந்து டிஸ்போசல் ஏலத்தில் வந்த பழைய வேன். தாமல் மாதிரித் தூர ஊர்களுக்கு மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனால் அன்றைக்கே திரும்ப முடியாது என்று, அதற்குள்ளேயே ஒரு குடித்தனம் நடத்துகிற மாதிரி அவர் செய்துவைத்திருந்தார். படுக்கப் பலகை, ஸ்டவ் வைக்க மேடை, குழாய் வைத்த தண்ணீர் டிரம், ஜன்னலுக்கு என் பழைய சேலையைக் கிழித்துப் போட்ட திரை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரையில் ஒரு பல்பு. பல்பைக் காட்டத்தான் என்னை முதல் முறை உள்ளே கூப்பிட்டார். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் மாலையில் என்னை அதிலிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை.

காலையில் வண்டியையும் யாராலும் கிளப்ப முடியவில்லை. இன்ஜினைக் கிளப்புகிற பேட்டரியைத்தான் நான் மாலையெல்லாம் பல்புக்குக் குடித்துத் தீர்த்திருந்தேன். முன்பக்கம் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றலாமே என்பீர்கள். ஏலத்தில் எடுத்த அன்றைக்கே அதற்கு ஹேண்டில் இல்லை. பட்டாளத்தில் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆகவே தள்ள வேண்டும்.

தள்ளுவதற்குத் தலைவர், தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். கடை திறந்ததும் திறக்காததுமாக வந்துவிடுவார். அவர் வந்தால் தெருவில் நாலைந்து பேர் கூடவே வருவார்கள். பின்பக்கம் கை வைத்துக்கொண்டு, தள்ளுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்பார்.

“இன்னிக்கு இன்னா பாடம்மா?”

“அக்பர், பாய்.”

“அதான் இவ்ளோ கனமா கீது.”

கணக்குப் படித்த மறுநாள் வண்டி கிளம்பவே கிளம்பாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அது உண்மையும்கூட. கணக்குக்கு எனக்கு நேரம் அதிகமாகும். சில நாள் தலைவலி என்று சீக்கிரமே பல்பை அணைத்துவிட்டிருப்பேன். வண்டி சட்டென்று கிளம்பிவிடும். “ஏம்மா, நேத்து படிக்கலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று பாய் கவலைப்படுவார். அந்தக் கவலைக்குப் பயந்தே நான் தலைவலியோடு படித்த நாட்கள் உண்டு.

எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் மாமியாருக்கு மானக்கேடாக இருந்தது. ஆண்கள் கூடி நின்று மருமகளிடம் பாடம் கேட்கிறார்கள் என்று அவர் வாசல்பக்கமே வர மாட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பாத்திரத்தை உருட்டுவார். நானும் பதிலுக்கு உள்ளே போய் உருட்டுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் ஒரே அளவு. பாத்திரங்கள்தான் நசுங்கின.

ஒருநாள் தாமலில் ஏரிக்கரைப் பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். வண்டி பிள்ளையார் கோயிலைத் தாண்டியும் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது காத்திருந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். கடை முதலாளி, இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை என் மாமியார் என்னிடம் பேசவில்லை. மகனிடம் பேசினார்.

“த பார் நைனா, ஒண்ணு வண்டி ஓடணும், இல்ல இவ படிக்கணும். ரெண்டுத்துக்கும் ஒரே பொட்டிலேர்ந்து எடுத்தா எப்டி ஆவும்? சோத்துக்கு ஒல வெக்கிறதும் மாட்டுக்குக் காட்டறதும் ஒரே பானைத் தண்ணியிலயா?”

படிப்பை நிறுத்தச் சொல்லத்தான் அவர் அதைச் சொன்னார். என் வீட்டுக்காரர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“அப்ப ரெண்டு பானை வெச்சிக்கலாம்” என்றார்.

அவர் யோசனை இதுதான். இன்ஜினுக்கு இருக்கிற பேட்டரி இருக்கட்டும். பல்புக்கு மட்டும் இன்னொரு பேட்டரி, படுக்கப் பலகைக்குக் கீழே. வண்டி ஓடும்போது டைனமோ இரண்டையும் நிரப்பும். நடுவில் கைப்பிடி வைத்த ஒரு ஸ்விட்ச். வண்டி ஓடும்போது கைப்பிடி கீழே. இரண்டு பேட்டரியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். வண்டி நின்றதும் கைப்பிடி மேலே; இரண்டும் பிரிந்துவிடும். அப்புறம் நான் என் பேட்டரியை எவ்வளவு குடித்தாலும் இன்ஜின் பேட்டரி நிறைந்தபடியே இருக்கும். கேட்டபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மாமியார் அங்கேயே நின்றதால் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பேட்டரிக் கடையில், உள்ளே தகடெல்லாம் புதிதாக மாற்றிய பழைய பேட்டரி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். மேலே ஒயர் மாட்ட இரண்டு ஈயக் கொம்புகள். இரண்டும் புதிதாக வார்த்தவை, ஒரே உருவம். எது பிளஸ் என்பதற்கு அடையாளமாக ஒன்றில் மட்டும் கடைக்காரர் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தார். ஒயரெல்லாம் ஓட்டி, ஸ்விட்சைப் பலகையில் பதித்து முடிப்பதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்றைக்குக் கருவியைத் தொடக் கூடாது, புத்தகத்தையும் தொடக் கூடாது. ஆகவே என் புத்தகங்கள், அவருடைய ஸ்பேனர்கள், அரிவாள்மணை, மண்வெட்டி எல்லாவற்றோடும் பேட்டரியும் சாமி முன்னால் போய் உட்கார்ந்தது. அலங்காரம் என் மாமியார். அவர் பூஜைக்கு வைக்கிற எதையும் அழுக்கோடு வைக்க மாட்டார்.

மறுநாள் விஜயதசமி. பேட்டரியை எடுக்கப் போனால் கொம்பு இரண்டும் வெள்ளி மாதிரி மின்னுகின்றன. இரண்டிலும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். என் வீட்டுக்காரர் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். ஒன்றில் குங்குமம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெயிண்ட் அதற்கு அடியில்தான் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்.

“தொடைச்சிப் பாருங்க” என்றேன்.

“நல்ல நாள்ல குங்குமத்த அழிக்கச் சொல்றியா? மாறினா இன்னா, திருப்பி மாட்டிக்கலாம்” என்றார்.

இங்கே அவர் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிணற்று மோட்டாரில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், அவ்வளவுதான். நிறுத்திவிட்டு இரண்டு ஒயரை இடம் மாற்றினால் நேராகச் சுற்ற ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒரு கிணற்றில் அவர் இதைச் செய்துகொண்டிருந்தார். ஒயர் மாறுவது அவருக்கு ஒரு தப்பாகவே படாது. சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்ட மாதிரி.

தெரு கூடியிருந்தது. பல்பைப் போட்டார். பிரமாதமாக எரிந்தது. பல்புக்கு எது பிளஸ், எது மைனஸ் என்ற கவலையில்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். இது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பாய் கைதட்டினார். இனிமேல் தள்ள வேண்டாமே என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். என் வீட்டுக்காரர் போய் இன்ஜினைக் கிளப்பிவிட்டு வந்து, சாமி கும்பிட்டுக்கொண்டு, கைப்பிடியைக் கீழே தள்ளினார்.

பட்டென்று ஒரு நெருப்புப் பொறி. அடுத்த நிமிடம் ஒயர் முழுக்கச் சூட்டுக்கோல் மாதிரி சிவந்துவிட்டது. ரப்பர் உருகிச் சொட்டியது. வண்டிக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை. அவர் தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மெத்தையில் ஒரு ஓரம் கருகிவிட்டது. பலகையின்மேல் வைத்திருந்த என் சரித்திரப் புத்தகத்துக்கு அட்டை போயிற்று. பாய் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, யார்மேல் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

என் மாமியார் அன்றைக்குத்தான் முதல் முறையாக அத்தனை பேருக்கு முன்னால் தெருவுக்கு வந்தார். மகனுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

“போதும்மா. இனிமே அந்த வண்டியில வெளக்கு எரியக் கூடாது. உன் படிப்புக்கு என் புள்ளைய எரிச்சிக்கினு நிக்க முடியாது.”

அவர் பயந்திருந்தார். நானும்தான் பயந்திருந்தேன். அட்டையில்லாத புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பரண் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு மூன்று நாள் வண்டி இருட்டாகவே நின்றது. என் வீட்டுக்காரர் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஏமாற்றிவிட்டானாம், திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். அதே நாட்களில் என் மாமியாருக்கும் ஒரு பேஜார். துவைத்துப் போட்ட சேலையில் முன்பக்கம் பொத்தல் பொத்தலாக ஓட்டை. எலி கடித்துவிட்டது என்று எலியைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஆளுக்கொருவரைத் திட்டிக்கொண்டிருந்ததால் என்னைத் திட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தச் சந்தடியில் பகலிலேயே விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினேன். மின்சாரப் பாடத்தில் ஒரு படம். உப்புக் கலந்த தண்ணீரில் இரண்டு கம்பி. மைனஸ் கம்பியில் குமிழ் அதிகமாகக் கிளம்பும் என்று போட்டிருந்தது. மனப்பாடம் செய்த பாடம்தான். அதை நம்பலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

“அத்தை, ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டுக் குடுங்க” என்றேன்.

“எதுக்கு, நாஷ்டா சேரலியா?”

“பேட்டரிக்கு.”

ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு தாராளமாக உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் பேட்டரியின் கொம்புகளில் இரண்டு கம்பியைச் சுற்றி, முனைகளை டம்ளரில் விட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு கம்பி சும்மா இருந்தது. இன்னொன்றில் உலை கொதிக்கிற மாதிரி நுரை நுரையாகக் கிளம்பியது.

“இது மைனஸ்” என்றேன்.

குங்குமம் பெரிதாக இருந்த கொம்பு அதுதான். என் வீட்டுக்காரர் குனிந்து அதை விரலால் தட்டிப் பார்த்தார். பிளஸ்ஸைக் கொண்டுபோய் மைனஸில் கொடுத்திருக்கிறார். இரண்டு பேட்டரியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நடுவில் இருந்த ஒயரை எரித்துவிட்டன.

“கடையில செவப்பு பெயிண்ட் அடிச்சிக் குடுத்தாங்களே, நான் என் கண்ணால பாத்தனே” என்றார்.

என் மாமியார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

“அது பெயிண்டா? நான் துருன்னு நெனச்சேன். புளியும் செங்கப் பொடியும் போட்டுத் தேச்சேன், போயிடுச்சி.”

குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி மடியில் வைத்துத் தேய்த்திருக்கிறார். அப்போது உள்ளேயிருந்து ஆசிட் கசிந்திருக்கிறது. சேலையைக் கடித்த எலி எது என்று எனக்கும் அவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் முதலில் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் எதற்கு என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

“சரி, எது எதுன்னு காட்டு” என்றார் மாமியார். காட்டினேன். உள்ளே போய் இரண்டு கிண்ணங்களோடு வந்தார். பிளஸ்ஸுக்குக் குங்குமம் வைத்தார். மைனஸுக்கு மஞ்சள் பூசினார். “இனிமே மாறாது” என்றார். விளக்கு எரியக் கூடாது என்று போட்ட தடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புது ஒயர் வந்தது. நடுவில் ஒரு ஃபியூஸும் வந்தது. அன்று மாலை நான் புத்தகத்தோடு வண்டியில் ஏறும்போது என் மாமியார் முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

“இங்க வெளிச்சம் நல்லா கீது. கல்லு பொறுக்கலாம்” என்றார்.

அதன் பிறகு தினமும் வந்தார். எங்கள் வீட்டு அரிசியில் அவ்வளவு கல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் சத்தம் போட்டுப் படிப்பேன். அவர் பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருப்பார். நடுவில் நான் நிறுத்தினால், “அப்புறம் அந்த ராஜா இன்னா பண்ணான்?” என்பார். கணக்கு வந்தால் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் பேட்டரிக்கு மஞ்சளும் குங்குமமும் புதிதாக வைத்துவிடுவார். வண்டி நின்றதும் கைப்பிடி மேலே இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலையாகிவிட்டது. மாட்டுக்கொட்டகைப் படலைச் சாத்தினோமா என்று பார்க்கிற மாதிரி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

காலையில் வண்டி தொட்டவுடன் கிளம்பியது. தள்ள ஆள் வேண்டியிருக்கவில்லை. முதல் வாரம் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். அப்புறம் தெரு சப்பென்று ஆகிவிட்டது. பாய் கடைப்பலகையில் உட்கார்ந்தபடியே வண்டி போவதைப் பார்ப்பார். “இன்னா பாடம் போவுதுன்னே தெரியல. ஊர்ல ஒரு சேதியும் இல்லாத மாதிரி கீது” என்று என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

பங்குனி வந்தது. பரீட்சை காஞ்சிபுரத்தில். முதல் நாள் காலையில், புடவைத் தலைப்பில் பேனாவைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டியில் ஏறினேன். என் வீட்டுக்காரர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. பார்த்தால் தெருவே பின்னால் நிற்கிறது. பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்ஜின நிறுத்து தம்பி” என்றார்.

“ஏன் பாய், நல்லாத்தான ஓடுது?”

“ஓடட்டும்பா. இத்தினி நாள் தள்ளிக்கினு வந்தோம். பரீட்சைக்குப் போற அன்னிக்குத் தள்ளாம அனுப்பினா எப்டி?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். எல்லாரும் கை வைத்தார்கள். பாய் வழக்கம் போலக் கேட்டார்.

“இன்னிக்கு இன்னா பாடம்மா?”

நான் வாயெடுப்பதற்குள் வண்டிக்குப் பின்பக்கத்திலிருந்து வேறொரு குரல் வந்தது.

“எல்லாப் பாடமும்தான் பாய். நல்லாத் தள்ளு.”

ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். என் மாமியார் அத்தனை ஆண்களுக்கு நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கோயில் வரை தள்ளிவிட்டுத்தான் விட்டார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை தாண்டும் வரை எனக்குக் கண்ணைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது. கடைசி நேரத்தில் புரட்டலாம் என்று வைத்திருந்த பக்கத்தைப் புரட்டவே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று பாயின் கடைக்குத்தான் பேப்பர் முதலில் வந்தது. அவரே நம்பரைத் தேடிப் பார்த்து, கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தார். பாஸ். மாமியார் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே போய்க் குங்குமத்தையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டு வந்து, நேராக வண்டியில் ஏறினார். வெள்ளிக்கிழமைகூட இல்லை. படுக்கப் பலகையைத் தூக்கிப் பேட்டரிக்கு வைத்தார். இறங்கி வந்து, அதே விரலால் எனக்கும் வைத்தார்.